தனுஷ்கோடி நிலையமும் அதன் மனிதரும்



நங்கநல்லூரில் குடியிருக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு ரயில் நிலையம் என்றால் பழவந்தாங்கல்தான். அங்கே மின்சார ரயிலுக்குக் காத்து நிற்கையில், நில்லாமல் தெற்கு நோக்கி விரையும் நெடுந்தூர வண்டிகளைக் காண்கிறோம். அவற்றுள் இராமேசுவரம் செல்லும் வண்டியை நம் முதியோர் இன்றும் 'போட் மெயில்' என்றே அழைக்கின்றனர். தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்குப் படகின் பெயர் எதற்கு என்று இளையோர் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய நிலையம் இப்போது இயங்கவில்லை. இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில், இரு கடல்களுக்கு நடுவே, மணலில் புதைந்த சில சுவர்களாக அது நிற்கிறது. அதன் பெயர் தனுஷ்கோடி.

அந்த நிலையம் அழிந்தது 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவில். ஒவ்வோர் ஆண்டும் நாம் கேரல் பவனிக்கு வீடு வீடாகச் செல்லும் நாட்களில் அந்தத் தேதி வந்து, பேச்சின்றிக் கடந்து போகிறது. ஆகவே இந்த வாரத் தியானத்தில் அந்த நிலையத்தின் வரலாற்றைச் சற்று நின்று நினைப்போம்.

நிலையம் எழுந்த கதை இலங்கைப் பயணத்தின் கதையோடு பிணைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் ரயிலில் தூத்துக்குடி வரை சென்று, அங்கிருந்து கப்பலேறி ஓர் இரவு முழுதும் கடலில் கழிக்க வேண்டியிருந்தது. இலங்கைக்கு மிக அருகிலுள்ள இந்திய நிலம் தனுஷ்கோடி. எதிர்க்கரையிலுள்ள தலைமன்னாருக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. கடல்தான். அந்த வழியே பாதை அமைத்தால் கடற்பயணம் மிகவும் குறையும் என்று எண்ணினர். 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள கடற்காலின்மேல் ஏறத்தாழ 2 கி.மீ. நீளமுள்ள பாலம் கட்டப்பட்டு, 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. கப்பல்கள் கடந்து செல்லும்பொருட்டு அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும்படி அமைந்திருந்தது.

பாலத்தைக் கடந்தபின் பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை கோயில் நகரமாகிய இராமேசுவரத்துக்குச் சென்றது. மற்றொன்று தனுஷ்கோடிக்குச் சென்றது. சென்னையிலிருந்து மாலையில் புறப்படும் வண்டி மறுநாள் தனுஷ்கோடியின் கப்பல்துறைக்கே வந்து நிற்கும். பயணிகள் இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, அங்கே நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறுவர். பிற்காலத்தில் அவ்வழியில் ஓடிய 'இர்வின்', 'கோஷன்' என்னும் கப்பல்களின் பெயர்கள் இன்னும் முதியோர் நினைவில் உள்ளன. சில மணி நேரத்தில் தலைமன்னார். அங்கிருந்து மற்றொரு ரயில். அடுத்த நாள் காலையில் கொழும்பு. சென்னையிலேயே கொழும்புக்கு ஒரே சீட்டாக வாங்கிக்கொள்ளலாம். போட் மெயில் என்ற பெயர் இப்படித்தான் பிறந்தது.

நிலையத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது. அஞ்சலகம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், ரயில்வே மருத்துவமனை, பள்ளிக்கூடம், யாத்திரிகர் தங்கும் விடுதிகள், பவளப் பாறைக் கற்களால் எழுப்பிய ஒரு தேவாலயம் ஆகியவை அங்கே இருந்தன. மீனவரும், சுமை தூக்குவோரும், ரயில்வே ஊழியரும், சிறு வணிகரும் அங்கே குடியிருந்தனர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் ஆகிய மூன்று சமயத்தாரும் கலந்து வாழும் அத்தீவில் எளிய குடும்பங்களுக்கும் அந்த ரயில் பிழைப்பளித்தது. டாக்டர் அப்துல் கலாம் தம் இளமையை நினைவுகூரும்போது இதற்கு ஒரு சான்று தருகிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டபோது, நாளிதழ்க் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து தனுஷ்கோடிப் பாதையில் வீசி எறிவார்களாம். அவற்றைச் சேகரித்துக் கொடுக்கும் வேலையில்தான் அவர் தம் முதல் சம்பாத்தியத்தைப் பெற்றார்.

அன்பானவர்களே, அந்த நிலையத்தின் வழியே சென்றோரில் செல்வரும் அதிகாரிகளும் இருந்தனர். எனினும் எண்ணிக்கையில் மிகுந்தவர் வேறு சிலர். இலங்கை மலைநாட்டின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் தமிழ் ஏழைகளே அவர்கள். ரயில் வருவதற்கு முந்திய தலைமுறையினர் தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தே சென்றனர். தாகத்தாலும் வாந்திபேதியாலும் அந்த வழியில் மாண்டவர் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ரயிலும் கப்பலும் வந்தபின் அந்த நடைத் துன்பம் நீங்கிற்று. ஆனால் அவமானம் நீங்கவில்லை. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்கள் நாட்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டனர். நோய்த்தடுப்புச் சோதனை முடிந்த பின்னரே தனுஷ்கோடி வண்டியில் ஏற்றப்பட்டனர். எந்தத் தோட்டத்துக்குச் செல்கிறார் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகரச் சீட்டு ஒரு காலத்தில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது. அவரவர் பெயரைவிட அந்த எண்ணே அதிகாரிகளுக்குத் தேவையாயிருந்தது.

இன்று நாம் காலையில் அருந்தும் தேநீரை நினைத்துப் பாருங்கள். உலகெங்கும் புகழ்பெற்ற இலங்கைத் தேயிலையை வளர்த்த கைகள் அந்த நிலையத்தின் நடைமேடையைக் கடந்து சென்ற கைகள்.

அவர்களுடைய சந்ததியாரின் நிலையும் எளிதாக இல்லை. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பலர் நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைக் குறித்துப் பிறகு முடிவு செய்யப்படும். எங்கே வாழ்வது என்பதை அந்த மக்களிடம் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தம் அல்ல அது. எந்த வழியாக அவர்களுடைய பாட்டன்மார் அனுப்பப்பட்டனரோ, அதே வழியாக அவர்கள் திரும்ப வேண்டியவராயினர்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. டிசம்பர் 17ஆம் தேதி அந்தமான் கடலின் தென்பகுதியில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாயிற்று. அது மேற்கு நோக்கி நகர்ந்து கடும் புயலாக வலுத்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22ஆம் தேதி நள்ளிரவையொட்டித் தனுஷ்கோடியைத் தாக்கியது. அலைகள் 7 மீட்டர் உயரம் வரை எழுந்தன என்பது மதிப்பீடு.

அன்றிரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. அதில் 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியரும் இருந்தனர் என்று பதிவுகள் கூறுகின்றன. தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் கைகாட்டி செயலிழந்திருந்தது. ஓட்டுநர் சற்று நேரம் காத்திருந்து, பின்பு ஊதலை ஒலித்துவிட்டு, இருளில் மெல்ல வண்டியைச் செலுத்தினார் என்பர். நிலையம் மிக அருகில் இருந்தது. அப்போது கடல் எழுந்து வண்டி முழுவதையும் மூடிற்று. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பயணச்சீட்டு வாங்காமல் ஏறியோரும் இருந்திருக்கலாம் என்பதால், இறந்தோர் தொகை இன்னும் அதிகம் எனக் கருதுவோரும் உண்டு. தந்திக் கம்பிகள் அறுந்து போனபடியால் செய்தி உடனே வெளியுலகை எட்டவில்லை. விடிந்தபோது ஊரும் இல்லை, கப்பல்துறையும் இல்லை. அந்தப் புயலில் இந்தியாவிலும் இலங்கையிலுமாக மாண்டவர் ஏறத்தாழ 1,800 பேர் எனக் கணக்கிடப்பட்டது. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு இரண்டே நாட்கள் இருந்தன. தனுஷ்கோடித் தேவாலயத்தின் கூரை போயிற்று; சுவர்கள் மட்டும் நின்றன.

இதன்பின் நடந்த இரண்டு காரியங்களை ஒன்றோடொன்று சேர்த்து நோக்கும்படி உங்களை வேண்டுகிறேன்.

முதலாவது, பாம்பன் பாலம் பழுதுபார்க்கப்பட்ட கதை. 145 கண்களில் 126 கண்களின் இரும்பு உத்திரங்கள் கடலில் விழுந்துவிட்டன. மேலே எழும்பும் நடுப்பகுதி தப்பிற்று. ஆறு மாதத்தில் சீரமைக்க வேண்டும் என ரயில்வே கெடு வைத்தது. பின்னர் அது மூன்று மாதமாகச் சுருக்கப்பட்டது. பணியை ஏற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் அதை 46 நாட்களில் முடித்தார். பிற்காலத்தில் கொங்கண் ரயில் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் உருவாக்கியவர் அவரே. கடலடியில் கிடந்த உத்திரங்கள் எங்கே உள்ளன என்று கண்டுகொள்ள உள்ளூர் மீனவர் துணை நின்றனர். அவற்றை மீட்டெடுத்து மறுபடியும் பொருத்தியதால்தான் வேலை இவ்வளவு விரைந்து முடிந்தது.

இரண்டாவது, தனுஷ்கோடியின் கதை. அது மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அன்றைய சென்னை மாநில அரசு அறிவித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை மீண்டும் போடப்படவில்லை. போட் மெயிலின் பயணம் இராமேசுவரத்தோடு முடிந்தது. இலங்கைக் கப்பலும் இராமேசுவரத்திலிருந்தே செல்லத் தொடங்கியது. ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் ஆயிரமாயிரம் பேர் அந்தக் கப்பலில்தான் வந்து இறங்கினர். இலங்கையில் கலவரம் மூண்டபின், 1980களின் நடுவில் அதுவும் நின்றுபோயிற்று.

அரசின் முடிவைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கடல் கொண்ட மணல்திட்டில் மறுபடியும் ஊர் அமைப்பது அறிவுடைமை ஆகாது என்று கூறியோருக்கு நியாயம் உண்டு. ஆனால் உத்திரங்களைத் தேட உதவிய மீனவர் எங்கே போவார்கள்? கடல்தானே அவர்களுடைய வயல்? ஆகையால் அவர்களில் பல குடும்பங்கள் தனுஷ்கோடிக்கே திரும்பின. ஓலைக் குடிசைகளில், பல பத்தாண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்தன. மணலில் கையால் சிறு குழி தோண்டி, அதில் ஊறும் நன்னீரை அகப்பையால் முகந்து குடித்தன. அரசின் கணக்கில் ஆளில்லாத ஊராகிய அங்கே பிள்ளைகள் பிறந்தனர், வளர்ந்தனர். நிலையத்தின் இடிந்த சுவர்களுக்கும் தேவாலயத்தின் சுவர்களுக்கும் அருகிலேயே இந்த வாழ்வு நடந்தது.

இன்று தனுஷ்கோடியைச் 'செத்த நகரம்' என்றும் 'பேய் நகரம்' என்றும் விளம்பரம் செய்கின்றனர். 2017இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை அமைந்தபின் கார்களும் வேன்களும் நாள்தோறும் வருகின்றன. நம் சபையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சென்று வந்திருக்கிறீர்கள். இராமேசுவரம் யாத்திரை செல்லும் நம் அண்டை வீட்டாரும் அங்கே சென்று வருகின்றனர். இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சுவரோரமாகச் சங்கும் சிப்பி மாலையும் விற்கும் பெண்களை நாம் காண்கிறோமா? செத்த நகரம் என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் உயிரோடிருக்கிறார்கள்.

இவ்வகை அழிவுகளைக் குறித்துப் பேசும்போது விசுவாசிகளாகிய நாம் மற்றொரு பிழையும் செய்வதுண்டு. அந்த ஊர் என்ன பாவம் செய்ததோ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம் ஆண்டவரிடத்திலும் ஒருமுறை அப்படிப்பட்ட பேச்சு எழுந்தது. எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டிருந்தனர். மாண்டவர்கள் அந்நகரத்தில் குடியிருந்த மற்றெல்லாரிலும் குற்றவாளிகளோ என்ற எண்ணத்தை இயேசு தெளிவாக மறுத்தார். கேட்டவர்களைத் தங்கள் தங்கள் மனந்திரும்புதலைக் குறித்து யோசிக்கச் சொன்னார். லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் அதை வாசிக்கிறோம். 653ஆம் எண் ரயிலில் இருந்தவர்கள் நம்மைப்போல் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், ஊர் காணப் போனவர்கள். அவர்களுடைய மரணத்திலிருந்து அவர்களைப் பற்றிய தீர்ப்பு எதையும் எடுக்க நமக்கு உரிமையில்லை. நம்மைப் பற்றிய கேள்விகளை மட்டுமே எடுக்கலாம்.

அவற்றுள் ஒரு கேள்வியை இந்த வாரம் உங்கள்முன் வைக்கிறேன். நாம் எவற்றை விரைந்து சீர்ப்படுத்துகிறோம், எவற்றை அப்படியே விட்டுவிடுகிறோம்? பாலம் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. ஆகவே அது 46 நாளில் எழுந்தது. நமக்குப் பயன்படும் உறவுகளையும் நாம் அவ்வாறே உடனுக்குடன் பழுதுபார்த்துக்கொள்கிறோம். பயனில்லை என்று தோன்றும் மனிதரை, பாதை நின்றுபோன ஊரைப்போல, கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறோம். ஓய்வுபெற்றபின் ஒருவரும் தேடி வராத முதியவர், கணவரை இழந்தபின் கூடுகைகளுக்கு அழைக்கப்படாத சகோதரி, கடன்பட்டு வெட்கத்தால் ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்ட சகோதரர் ஆகியோர் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய நிலையத்தில் இப்போது எந்த வண்டியும் நிற்பதில்லை.

தனுஷ்கோடியின் கதை இன்னும் முடிந்துவிடவில்லை. 2019இல் இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் பாதை அமைக்க அடிக்கல் நாட்டப்பட்டது, பாதை அமையவில்லை. 1914இன் பாலம் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்திலிருந்து ஓய்வுபெற்றது; அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. எதிர்க்கரையில், போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதை இந்தியாவின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2015இல் மறுபடியும் வண்டி ஓடத் தொடங்கிற்று. இடையிலுள்ள கடலில் மட்டும் கப்பல் இல்லை. ஆனாலும் மனிதர் வருகின்றனர். போரின் ஆண்டுகளிலும், 2022இன் பொருளாதார நெருக்கடியிலும், இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் சிறு படகுகளில் வந்து தனுஷ்கோடி அருகேயுள்ள மணல்திட்டுகளில் இறங்கின. கைக்குழந்தைகளோடு அத்திட்டுகளில் நின்றவர்களைக் கடலோரக் காவல் படையினரும் மீனவரும் மீட்டுக் கரைசேர்த்தனர். அவர்கள் கொண்டு செல்லப்பட்ட இடம் மண்டபம் முகாம். ஒரு நூற்றாண்டுக்கு முன் கூலித் தமிழர் தகரச் சீட்டோடு காத்திருந்த ஊர் அதுவே.

சபையாரே, அடுத்த முறை நீங்கள் தனுஷ்கோடிக்குச் செல்லும்போது, தேவாலயச் சுவரின் முன் ஒரு நிமிடம் மௌனமாய் நின்று, அந்த இரவில் மாண்டவர்களை நினையுங்கள். பின்பு அருகிலுள்ள மீனவப் பெண்ணிடம் ஒரு மாலை வாங்கி, அவருடைய பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவ்வளவு தூரம் செல்ல இயலாதோர் இந்தக் கிறிஸ்துமஸ் வாரத்தில் நம் தெருவில் மறக்கப்பட்ட ஒரு வீட்டின் கதவைத் தட்டுங்கள். சத்திரத்தில் இடமில்லாத இரவில் பிறந்த ஆண்டவர் அத்தகைய வீடுகளை நன்கு அறிவார்.

ஜெபம் செய்வோம்: இரக்கமுள்ள பிதாவே, கடலில் மாண்டவர்களையும், வழியில் விழுந்த கூலியாட்களையும், எண்ணாக மாத்திரம் எழுதப்பட்டவர்களையும் நீர் பெயர் சொல்லி அறிந்திருக்கிறீர். நாங்கள் கைவிட்டவர்களை நீர் கைவிடவில்லை. அவர்களைத் தேடிச் செல்லும் கால்களை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.